பதினாறில் ஒன்று: லாட்டிஸ் சூப்பர்சிமெட்ரியும் 'எக்ஸாக்ட்' என்ற சொல்லும்

போன மாசம் ஒரு பழைய கட்டுரையை மூன்றாவது தடவையாகப் படித்து முடித்தேன். சைமன் கேட்டரால், டேவிட் கப்லான், மித்தாத் உன்சால் மூவரும் 2009-இல் 'ஃபிசிக்ஸ் ரிப்போர்ட்ஸ்' இதழில் எழுதிய மதிப்பாய்வு. தலைப்பு 'எக்ஸாக்ட் லாட்டிஸ் சூப்பர்சிமெட்ரி'. ஏறக்குறைய அறுபது பக்கம். இந்தக் கட்டுரை மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஒரு பழைய கோபமும் உண்டு. இரண்டையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இயற்பியல் படித்தவன் இல்லை. பி.ஈ. முடித்துவிட்டு இருபது வருஷமாக சாஃப்ட்வேர் வேலை. ராத்திரி சாப்பிட்டு முடித்து வீடு அடங்கின பிறகு கிடைக்கிற ஒன்றரை மணி நேரம்தான் என் ஆராய்ச்சி நேரம். அதனால் இது ஒரு நிபுணரின் விமர்சனம் இல்லை. தலைப்பைத் தப்பாகப் புரிந்துகொண்டு ரெண்டு வருஷத்தைத் தொலைத்த ஒரு வாசகனின் விமர்சனம்.

பிரச்சினை என்ன?

1974-இல் கென்னத் வில்சன் குவார்க்குகள் ஏன் தனியாக வெளியே வருவதில்லை என்பதை ஆராய, காலவெளியைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார். புள்ளிகளில் பருப்பொருள் புலம், புள்ளிகளை இணைக்கும் கோடுகளில் விசைப் புலம். இதுதான் லாட்டிஸ். அப்படி எழுதிவிட்டால் கணக்கைக் கம்ப்யூட்டரிடம் கொடுக்கலாம். கடைசியில் புள்ளிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போய்த் தொடர்ச்சியான காலவெளியை எட்ட வேண்டும்.

சூப்பர்சிமெட்ரி என்பது போசானையும் ஃபெர்மியானையும் ஒன்றையொன்றாக மாற்றும் சமச்சீர்மை. மாற்றுகிற செயலியை க்யூ என்பார்கள். க்யூவை ஒரு தடவை போட்டால் போசான் ஃபெர்மியான் ஆகும். அதன் இணையோடு சேர்த்து இன்னொரு தடவை போட்டால் மறுபடி போசான்தான், ஆனால் காலவெளியில் இம்மியளவு நகர்ந்த போசான். அந்த 'இம்மியளவு'தான் வில்லங்கம். லாட்டிஸில் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குத்தான் போக முடியும். நடுவில் நிற்க இடம் கிடையாது.

இதையே இன்னும் கறாராகச் சொல்லலாம். ஒரு செயல் சூப்பர்சிமெட்ரிக்கா என்று சரிபார்க்கும்போது, பெருக்கலின் வகைக்கெழு விதியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவோம். ப்ளஸ் டூவில் படித்த லைப்னிட்ஸ் விதி. லாட்டிஸில் வகைக்கெழுவுக்குப் பதில் அடுத்த புள்ளியின் மதிப்பிலிருந்து இந்தப் புள்ளியின் மதிப்பைக் கழிக்கிறோம். எக்ஸ் ஸ்கொயர் எடுத்துக்கொள்ளுங்கள். இடைவெளி 1. மூன்றில் நிற்கிறோம். 16-இல் 9 போனால் 7. ஆனால் லைப்னிட்ஸ் விதிப்படி 3-ம் 3-ம் சேர்ந்து 6. ஒன்று அதிகம். இடைவெளியை 0.1 ஆக்கினால் 6.1 வரும், பிழை 0.1. அதாவது பிழை இடைவெளியின் அளவுக்கே இருக்கிறது.

"அப்போ இடைவெளி குறையக் குறைய பிழையும் போயிடுமே, இதுல என்ன பிரச்சினை?" நானும் இதைத்தான் கேட்டேன். எக்ஸ் ஸ்கொயர் மாதிரி வழவழப்பான சார்புக்குப் போய்விடும். குவாண்டம் புலம் வழவழப்பாக இருக்காது. லூப் கணக்குகளில் ஒன்றின் கீழ் இடைவெளி என்ற அளவுக்குப் பெரிய உந்தங்கள் எல்லாம் பங்கெடுக்கும். இடைவெளி அளவுக்குச் சின்னப் பிழையை, ஒன்றின் கீழ் இடைவெளி அளவுக்குப் பெரிய எண்ணால் பெருக்கினால் 1 அளவில் ஒரு எண் நிற்கும். இடைவெளியை எவ்வளவு குறைத்தாலும் அது அப்படியேதான் நிற்கும். கோட் ஓடும், எண்கள் ஒரு எல்லையை நோக்கிப் போகும். ஆனால் அந்த எல்லையில் இருப்பது சூப்பர்சிமெட்ரிக் கோட்பாடு இல்லை, வேறு ஏதோ ஒன்று.

என் ரெண்டு வருஷம்

'எக்ஸாக்ட்' என்ற தலைப்பை முதல் தடவை பார்த்தபோது நான் புரிந்துகொண்டது இதுதான்: சூப்பர்சிமெட்ரி முழுவதையும் லாட்டிஸில் அப்படியே வைத்திருக்க ஒரு வழி இருக்கிறது. உள்ளே இருந்த கணிதம் எனக்கு அப்போது எட்டவில்லை. சரி, நாமே முதலிலிருந்து போடுவோம் என்று இறங்கினேன்.

வகைக்கெழுவை வேறு விதமாக எழுதிப் பார்த்தேன். ஃபூரியர் மாற்றம் எடுத்து, உந்தத்தால் பெருக்கி, திரும்பி வருவது. இதை 1976-இலேயே ட்ரெல், வைன்ஸ்டைன், யாங்கெலோவிச் செய்திருக்கிறார்கள், ஸ்லாக் வகைக்கெழு என்று பெயர் என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. 64 புள்ளி லாட்டிஸில், அலை எண் 1, 2, 3 உள்ள சைன் அலைகளைப் பெருக்கி லைப்னிட்ஸ் விதியைச் சோதித்தேன். கம்ப்யூட்டர் காட்டுகிற கடைசி இலக்கம் வரை பொருந்தியது. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

அதன் மேலேயே கட்டிக்கொண்டு போனேன். ரெண்டு வருஷம் கழித்து ஒரு நாள், புள்ளிக்குப் புள்ளி தாறுமாறாக மாறும் புலத்தைக் கொடுத்தபோது சோதனை அப்பட்டமாகத் தோற்றது. காரணம் ரொம்பச் சாதாரணம். அலை எண் 20 உள்ள இரண்டு அலைகளைப் பெருக்கினால் 40 வரும். 64 புள்ளிகளில் 32-க்கு மேல் பிரித்தறிய முடியாது. 40 என்பது மைனஸ் 24 ஆகச் சுருண்டு வந்து உட்காரும். வகைக்கெழு தப்பான எண்ணால் பெருக்கும். என் டெஸ்ட் கேஸ்கள் எல்லாமே வழவழப்பானவை. தோற்கவே முடியாத டெஸ்ட்டை எழுதிவிட்டு அது பாஸ் ஆனதைக் கொண்டாடியிருக்கிறேன். ஆபீஸில் ஒரு ஜூனியர் இப்படி எழுதியிருந்தால் ரிவ்யூவில் கிழித்திருப்பேன்.

தேடியபோது 2008-இல் கட்டோ, சகமோட்டோ, சோ மூவரும் எழுதிய நிரூபணம் கிடைத்தது. எல்லாப் புள்ளியிலும் ஒரே விதி, செயல்பாடு அக்கம்பக்கத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும் என்ற இரண்டையும் வைத்துக்கொண்டால், சாதாரணப் புலங்களுக்கு லைப்னிட்ஸ் விதியை லாட்டிஸில் கொண்டுவரவே முடியாது. நான் தேடியது இல்லாத ஒன்று. மதிப்பாய்வு வெளிவருவதற்கு முந்தைய வருஷமே அது தெரிந்திருந்தது.

அப்படியானால் அந்தக் கட்டுரை எதை எக்ஸாக்ட் என்கிறது?

நான்கு பரிமாணத்தில் மிக அதிகமான சூப்பர்சிமெட்ரி கொண்ட கேஜ் கோட்பாட்டை 'என் ஈக்வல்ஸ் ஃபோர்' சூப்பர் யாங்-மில்ஸ் என்பார்கள். அதில் க்யூக்கள் மொத்தம் 16. கட்டுரை அந்தப் பதினாறையும் காப்பாற்றுவதில்லை. ஒன்றைக் காப்பாற்றுகிறது.

எந்த ஒன்று என்பதில்தான் அழகு. கோட்பாட்டின் உள் சமச்சீர்மையையும் காலவெளியின் சுழற்சியையும் பின்னிப் புதிதாக ஒரு சுழற்சியை வரையறுத்தால், 16 க்யூக்களும் வேறு விதமாகக் கூட்டம் பிரியும். அதில் ஒன்று மட்டும் திசையே இல்லாத ஸ்கேலராக வரும். அதை ரெண்டு தடவை போட்டால் நகர்வு வராது, பூஜ்யம் வரும். நகர்வே தேவையில்லை என்றால் லாட்டிஸோடு அதற்குச் சண்டையும் இல்லை. லைப்னிட்ஸ் விதியை நேருக்கு நேர் மோதாமல் அது கேள்வியே கேட்காத ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பதினாறு ஃபெர்மியான்களும் 1, 5, 10 என்று பிரிந்து புள்ளிகளிலும் கோடுகளிலும் மூலைவிட்டங்களிலும் போய் உட்கார்கின்றன. அந்த ஐந்துக்காக, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் சமமான ஐந்து திசைகள் கிளம்பும் ஒரு நான்கு பரிமாண லாட்டிஸ் தேவைப்படுகிறது. தாளில் முக்கோண வலை போட்டால் சமமான மூன்று திசைகள் கிடைக்கிற மாதிரிதான், ரெண்டு பரிமாணம் அதிகம்.

கப்லானும் கூட்டாளிகளும் 2003-லிருந்து ஆர்பிஃபோல்ட் என்ற வேறொரு வழியாக வந்து சேர்ந்த லாட்டிஸும் இதேதான் என்று கட்டுரை காட்டுகிறது. வெவ்வேறு ஊரிலிருந்து கிளம்பிய ரெண்டு பாதைகள் ஒரே வீட்டு வாசலில் முடிகிற இந்தப் பகுதிக்காக மட்டுமே இதை மூன்று தடவை படிக்கலாம்.

நம்பிக்கை வருவதற்காக ஒரு பரிமாண மாதிரியை நானே எழுதிப் பார்த்தேன். இதில் க்யூக்கள் இரண்டு, லாட்டிஸில் ஒன்று தங்கும். போசான் பகுதியின் செயலை ஒரே ஒரு வர்க்கமாக எழுத வேண்டும்: புள்ளிகளுக்கு நடுவிலான வித்தியாசமும் விசைப் பகுதியும் சேர்ந்த வர்க்கம். விரித்தால் வரும் குறுக்கு உறுப்பு தொடர்ச்சியான காலத்தில் காணாமல் போகும். லாட்டிஸில் போகாது. அதை வைத்துக்கொள்ள வேண்டும். வைத்தால் போசான் செயலின் சராசரி, புள்ளிகளின் எண்ணிக்கையில் சரியாகப் பாதி. 16 புள்ளி என்றால் 8. பிணைப்பு வலிமையை எவ்வளவு மாற்றினாலும் 8. என் லேப்டாப்பில் பிழை எல்லைக்குள் 8 வந்து நின்றது. அந்த உறுப்பை எடுத்துவிட்டு நேரடியாக எழுதினால் 8-ம் வரவில்லை, போசானின் நிறையும் ஃபெர்மியானின் நிறையும் ஒட்டவும் இல்லை. இந்தத் தடவை தோற்கக்கூடிய டெஸ்ட்டாக எழுதியிருந்தேன்.

இனி என் குறைகள்

முதல் குறை தலைப்பு. கட்டுரையின் சுருக்கத்தில் நேர்மையாகவே சொல்லியிருக்கிறார்கள்: ஒன்றோ அதற்கு மேலோ சூப்பர்சிமெட்ரிகள் லாட்டிஸில் தங்கும், அதனால் நுண்சரிசெய்தல் குறையும், சில இடங்களில் தேவைப்படாது. தலைப்பில் அந்த 'ஒன்றோ' இல்லை. கவனிக்காதது என் தப்புதான். ஆனால் ஒப்பிடுவதற்கு இன்னொரு தலைப்பைச் சொல்கிறேன். 1987-இல் குர்ச்சியும் வெனிசியானோவும் சூப்பர்சிமெட்ரியும் லாட்டிஸும் சமாதானமாகப் போக முடியுமா என்று எழுதிய கட்டுரையின் தலைப்பு ஒரு கேள்விக்குறியோடு முடிகிறது. அந்தக் கேள்விக்குறி வாசகனை எச்சரிக்கிறது.

இரண்டாவது குறை இன்னும் முக்கியம். எத்தனை க்யூ தங்கியது என்று எண்ணுவது தப்பான அளவுகோல். லாட்டிஸ் சுழற்சிச் சமச்சீர்மையையும்தான் உடைக்கிறது. கட்டத்தை 90 டிகிரி திருப்பலாம், 37 டிகிரி திருப்ப முடியாது. ஆனாலும் யாரும் கவலைப்படுவதில்லை. மிச்சமிருக்கும் 90 டிகிரிச் சுழற்சிகளே ஆபத்தான உறுப்புகள் முளைக்காமல் தடுத்துவிடும், இடைவெளி குறையும்போது முழுச் சுழற்சியும் தானாகத் திரும்பி வரும். ஆகவே கேட்க வேண்டியது: மிச்சம் இருப்பது எதைத் தடுக்கிறது? இன்னும் எத்தனை திருகாணிகளைக் கையால் திருக வேண்டும்?

இந்த அளவுகோலை வைத்தால் படம் மாறுகிறது. குர்ச்சி-வெனிசியானோ வழியில் ஒரு க்யூவும் தங்குவதில்லை. பதினாறில் ஒன்று இல்லை, பூஜ்யம். ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்ட மிக எளிய சூப்பர் யாங்-மில்ஸ் கோட்பாட்டில் ஸ்கேலர் துகளே கிடையாது. ஆபத்தான உறுப்பு க்ளூயினோவின் நிறை ஒன்றுதான். ஒரு திருகாணி. அதைத் திருகி, ஜெர்மனியில் டெசி-ம்யூன்ஸ்டர் குழு பல வருஷம் பொறுமையாகக் கணக்கிட்டு, சேர்ந்திருக்க வேண்டிய போசான், ஃபெர்மியான் கட்டுநிலைகளின் நிறைகள் இடைவெளி பூஜ்யத்தை நெருங்கும்போது ஒன்று சேர்வதை 2016-இல் காட்டினார்கள்.

இன்னொன்று. கருந்துளையோடு சம்பந்தப்பட்ட மேட்ரிக்ஸ் குவாண்டம் மெக்கானிக்ஸில் இருப்பது காலம் என்ற ஒரே பரிமாணம். அங்கே ஆபத்தான உறுப்புகள் முளைப்பதே இல்லை, எனவே எந்தக் க்யூவையும் கட்டிக் காக்கத் தேவையில்லை. 2014-இல் 'சயின்ஸ்' இதழில் ஹனடாவும் கூட்டாளிகளும் வெளியிட்ட குவாண்டம் கருந்துளைக் கணக்கு அப்படிப்பட்ட வழியில் வந்ததுதான். ஈர்ப்பு விசைப் பக்கத்தில், கருந்துளையின் ஆற்றல் வெப்பநிலையின் 14/5 அடுக்கில் ஏற வேண்டும், முன்னால் இருக்கும் எண் 7.41. அந்தக் கருந்துளையைத் துளியும் அறியாத ஒரு கணக்கு 2016-இல் கொடுத்த எண் 7.4, பிழை 0.5. படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதில் 'எக்ஸாக்ட்' எதுவும் இல்லை.

மூன்றாவது குறையை மதிப்பாய்வின் மேல் போட முடியாது, ஏனென்றால் அது பின்னால் நடந்தது. டேவிட் ஷைக்கும் தாமஸ் டிக்ராண்டும் இந்த லாட்டிஸுக்கான கோடை எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டிருக்கிறார்கள். எம்.ஐ.எல்.சி. என்ற பழைய கோடின் மேல் கட்டியது. அதைத் திறந்து பார்த்தால்தான் ஒரு விஷயம் உறைக்கும். இந்தக் கோட்பாட்டில் ஸ்கேலர் புலங்கள் எந்தச் செலவும் இல்லாமல் வெகுதூரம் ஓடிவிடலாம். கணக்கு நிலையாக நிற்க அவற்றைப் பிடித்து இழுக்க ஒரு சிறிய உறுப்பைச் சேர்க்க வேண்டும். அந்த உறுப்பு, மிச்சமிருந்த அந்த ஒரே க்யூவையும் மெல்ல உடைக்கிறது. கடைசியில் அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோகிறார்கள். கேட்டராலும் ஷைக்கும் 2015-இல் உடைப்பை வெகுவாகக் குறைக்கும் ஒரு திருத்தத்தையும் கொடுத்தார்கள். ஆனாலும் ஓடிக்கொண்டிருக்கும் கணக்கில், கறாராகச் சொன்னால், எக்ஸாக்ட்டாக ஒன்றும் இல்லை.

இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. புரொடக்‌ஷனில் ஓடும் எந்த கோடும் டிசைன் டாக்குமெண்ட் மாதிரி இருக்காது. உடைப்பு எங்கே, எவ்வளவு, எப்படிப் போகும் என்று தெரிந்து, அதை ஒவ்வொரு ஓட்டத்திலும் அளந்துகொண்டே இருப்பதுதான் நேர்மை. அதை அவர்கள் செய்கிறார்கள். நான் எழுதிய 8 மாதிரியே அவர்களுக்கும் போசான் செயலுக்கு முன்கூட்டியே தெரிந்த மதிப்பு ஒன்று உண்டு. அதிலிருந்து கணக்கு எவ்வளவு விலகுகிறது என்பதே உடைப்பின் அளவு.

அப்படியானால் அந்த ஒன்று எதற்கு?

இங்கேதான் என் கோபம் ஆறுகிறது. என் ஈக்வல்ஸ் ஃபோர் கோட்பாட்டில் ஸ்கேலர்கள் இருக்கின்றன, நான்கு பரிமாணம் இருக்கிறது. எதையும் காப்பாற்றாமல் இறங்கினால் திருகாணிகள் கையில் அடங்காது. அந்த ஒரு க்யூவும், கேஜ் சமச்சீர்மையும், ஐந்து திசைகளையும் மாற்றி மாற்றி வைக்கும் சமச்சீர்மையும் கைகோத்து நின்றால் நிலைமையே வேறு. ஸ்கேலர்களுக்கு நிறை முளைப்பதில்லை என்று 2011-இல் காட்டினார்கள். கடைசியில் திருக வேண்டியது அதிகபட்சம் ஒரே ஒரு எண் என்று 2014-இல் கேட்டராலும் கீட்டும் வாதிட்டார்கள். பதினாறில் ஒன்று என்று பார்த்தால் ஏமாற்றம். திருகாணிகளில் ஒன்று மிச்சம் என்று பார்த்தால் சாதனை. இரண்டுமே ஒரே கட்டுமானத்தைப் பற்றிய வாக்கியங்கள்தான்.

இது ஏன் முக்கியம்? 1997-இல் மால்டசீனா இந்தக் கோட்பாடும் ஒரு வளைந்த காலவெளியில் உள்ள சரக் கோட்பாடும் ஒன்றே என்று சொன்னார். குவாண்டம் ஈர்ப்பு என்றால் என்ன என்ற கேள்விக்கு நம்மிடம் இருக்கும் தெளிவான பதில்களில் அது ஒன்று. ஆனால் சமன்பாட்டின் ஒரு பக்கத்தை, பிணைப்பு வலுவாக இருக்கும்போதும் செல்லுபடியாகும்படி யாராவது வரையறுத்துக் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டரில் எழுத முடிகிற வரையறை லாட்டிஸ். அது சரியான எல்லைக்குப் போகவில்லை என்றால், நாம் ஒப்பிடுவது மால்டசீனாவின் கோட்பாட்டை இல்லை, அதன் சாயல் கொண்ட வேறொன்றை. என் டெஸ்ட் கேஸ் மாதிரி அதுவும் பாஸ் ஆகிக்கொண்டே இருக்கலாம்.

எனவே என் சிபாரிசு. சூப்பர்சிமெட்ரியில் ஆர்வம் உள்ளவர்கள் இந்த மதிப்பாய்வைக் கண்டிப்பாகப் படியுங்கள். ஆனால் முதலில் குர்ச்சி-வெனிசியானோவின் கேள்விக்குறியைப் படித்துவிட்டு வாருங்கள். அப்புறம் ஒரு பரிமாண மாதிரியை ஐம்பது வரியில் நீங்களே எழுதி, 16 புள்ளிக்கு 8 வருகிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு தலைப்பில் 'எக்ஸாக்ட்' என்று வரும் இடத்தில், எது, எத்தனை, எதுவரை என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றுக்கும் அந்தக் கட்டுரைக்குள்ளேயும் அதன் பின்வந்த வேலைகளிலும் பதில் இருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன் நான் கேட்காமல் விட்ட கேள்விகள் அவை.

நான் அடுத்து ரெண்டு பரிமாணத்துக்குப் போகிறேன். ஷைக்கின் கோட் என் லேப்டாப்பில் கம்பைல் ஆகிவிட்டது. சின்ன லாட்டிஸ்தான், ஒரு ஓட்டத்துக்கு ஒரு ராத்திரி பிடிக்கும். இழுத்துப் பிடிக்கும் உறுப்பை ஒவ்வொரு படியாகக் குறைத்து, விலகல் எப்படிப் போகிறது என்று வரைந்து பார்க்கணும். வழக்கம்போல, எங்கே தப்பாகச் சொல்லியிருந்தாலும் திருத்துங்கள். தோற்கக்கூடிய டெஸ்ட்டாகக் கொடுத்தால் இன்னும் சந்தோஷம்.